அத்தியாயம் 7: கில் ஒன்பதுக்கும் சாகாத பிராசஸ்

லினக்ஸ் சர்வர் பார்த்துக்கொள்ளும் எவருக்கும் இந்தக் காட்சி பழக்கமானது. ஒரு பிராசஸ் அசையாமல் நிற்கிறது. கில் கட்டளை கொடுத்தால் போகவில்லை. சரி என்று கில் -9 கொடுத்தால், பிழைச் செய்தி எதுவும் இல்லாமல் அடுத்த வரி வந்து நிற்கிறது. பட்டியலைத் திரும்பப் பார்த்தால் அதே எண், அதே பெயர், அதே இடம். இன்னும் நான்கு முறை ஒன்பதை அடித்துப் பார்ப்பது, ரூட் ஆக நுழைந்து அடித்துப் பார்ப்பது, கடைசியில் ரீபூட் செய்வது என்றுதான் வழக்கமாகக் கதை முடிகிறது. இந்த அத்தியாயம் சொல்ல வருவது ஒன்றுதான். சாகாமல் நிற்கும் பிராசஸிடம் கோளாறு இருப்பது அரிது. வேறெங்கோ நடந்த கோளாறுக்கு அது சாட்சி. இதை எப்படிக் கொல்வது என்று யோசிக்கிறவரை வழி பிறக்காது. எதற்காகக் காத்திருக்கிறது என்று கேட்கத் தொடங்கினால், விடையை லினக்ஸே பல இடங்களில் எழுதி வைத்திருப்பது தெரியவரும்.

கில் என்ன செய்கிறது?

பெயர் கில் என்றாலும் அந்தக் கட்டளை நேரடியாக எதையும் கொல்வதில்லை. குறிப்பிட்ட பிராசஸின் கணக்கில் ஒரு சிக்னலைக் குறித்து வைப்பதோடு அதன் வேலை முடிந்தது. எண் எதுவும் சொல்லாவிட்டால் 15ஆம் சிக்னல் போகும். அதை நிரல் பிடித்து, திறந்த கோப்புகளை ஒழுங்காக மூடிவிட்டுப் போகலாம், கண்டுகொள்ளாமலும் இருக்கலாம். 9ஆம் சிக்னலை நிரலால் பிடிக்கவோ தடுக்கவோ புறக்கணிக்கவோ முடியாது. இதுவரை எல்லோருக்கும் தெரியும். ஆனால் நிரலால் தடுக்க முடியாது என்பதிலிருந்து உடனே செத்துவிடும் என்று முடிவு கட்டுவதில்தான் தவறு நுழைகிறது. ஒரு பிராசஸ் கோப்பைப் படிக்கவோ எழுதவோ கேட்கும்போது கெர்னலுக்குள் போகிறது. வேலை முடிந்து தன் சொந்த நிரலுக்குத் திரும்பும் வாசலில்தான் தனக்கு ஏதாவது சிக்னல் வந்திருக்கிறதா என்று பார்க்கிறது. 9 வந்திருந்தால் அந்த இடத்திலேயே தன் கோப்புகளையும் மெமரியையும் விட்டுவிட்டு முடிந்துபோகிறது. தண்டனையை நிறைவேற்றிக்கொள்வதும் அந்தப் பிராசஸ்தான். வாசலுக்கே வராத ஒன்றின் மேல் எத்தனை ஒன்பது விழுந்தாலும் பலன் இல்லை.

இதைக் கண்ணால் பார்க்கலாம். ப்ராக் ஃபோல்டருக்குள் ஒவ்வொரு பிராசஸுக்கும் அதன் எண்ணையே பெயராகக் கொண்ட ஒரு ஃபோல்டர் உண்டு. அதற்குள் ஸ்டேட்டஸ் என்ற கோப்பைத் திறந்தால், நிலுவையில் உள்ள சிக்னல்களைக் காட்டும் வரிகளில் பதினாறு இலக்க எண்கள் இருக்கும். சாதாரணமாக எல்லாமே பூஜ்யம். கில் -9 கொடுத்த பிறகு அதன் வால் 100 என்று மாறியிருந்தால், ஒன்பதாவது பிட் எழுந்து நிற்கிறது என்று பொருள். பதினாறு அடிமான எண்முறையில் ஒன்பதாவது பிட்டின் மதிப்பு 100. அதாவது சிக்னல் போய்ச் சேர்ந்துவிட்டது, நிறைவேற்றம்தான் பாக்கி. 9 போன்ற பழைய சிக்னல்கள் வரிசையில் சேர்வதில்லை. இருக்கிறதா இல்லையா என்ற ஒற்றைக் குறிதான். எனவே இரண்டாவது முறை கொடுக்கும் கில் -9, ஏற்கெனவே எரியும் விளக்கின் ஸ்விட்சை மறுபடி அழுத்துவது போலத்தான்.

சாகாதது போலத் தெரிபவை

காரணம் தேடுவதற்கு முன், இந்த நோய் இல்லாமலே இதே அறிகுறி காட்டும் நான்கு நிலைகளை விலக்கிவிட வேண்டும். முதலாவது, செத்து மறுபடி பிறப்பது. சிஸ்டம்-டி போன்ற மேற்பார்வையாளன் ஒரு சர்வீஸ் விழுந்தவுடன் புதிதாக எழுப்பிவிடும். பெயரை மட்டும் பார்ப்பவருக்கு அது சாகவே இல்லை என்று தோன்றும். எண் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறியிருந்தால் அந்தச் சர்வீஸையே நிறுத்துவதுதான் வழி. இரண்டாவது, உரிமை இல்லாமை. வேறொருவரின் பிராசஸை நிறுத்தப் பார்த்தால் அனுமதி இல்லை என்று கில் சொல்லும்; ஸ்கிரிப்டுக்குள் பிழைச் செய்தியை மறைத்து வைத்திருப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். மூன்றாவது, எண் 1 உள்ள பிராசஸ். அதன் மேல் 9ஐக் கெர்னல் விழ விடுவதில்லை. கன்டெய்னருக்குள் 1 என்ற எண்ணில் ஓடுவதற்கும் இதே பாதுகாப்பு உண்டு. உள்ளே இருந்து கொடுக்கும் 9 பலிக்காது, வெளியே ஹோஸ்டிலிருந்து கொடுத்தால் பலிக்கும்.

நான்காவது ஸோம்பி. பிஎஸ் பட்டியலில் நிலைக்கான எழுத்து இசட் என்று இருந்தால் அந்தப் பிராசஸ் ஏற்கெனவே இறந்துவிட்டது. மெமரி இல்லை, கோப்புகள் இல்லை. எப்படி முடிந்தது என்ற குறிப்பைப் பெற்றோர் பிராசஸ் வந்து வாங்கிப்போவதற்காகப் பட்டியலில் ஒரு வரி மட்டும் மிச்சம். செத்ததைக் கொல்ல முடியாது. பெற்றோரைச் சரிசெய்ய வேண்டும், அல்லது முடிக்க வேண்டும். முடித்தால் எண் 1 அந்த அநாதையைத் தத்தெடுத்து வரியை அழித்துவிடும். இதில் ஒரு நுணுக்கம் கவனிக்கத்தக்கது. பல த்ரெட்கள் கொண்ட நிரலில் முதல் த்ரெட் முடிந்து ஸோம்பி என்று காட்டும். ஆனால் உள்ளே இன்னொரு த்ரெட் உயிரோடு மாட்டிக்கொண்டிருக்கும். அது முடியும்வரை பெற்றோரால் அந்த வரியை அழிக்க முடியாது. ஆகவே ஸோம்பி என்றதும் பெற்றோர் மேல் பழி போடாமல், அந்தப் பிராசஸின் ஃபோல்டருக்குள் டாஸ்க் என்ற உள்ஃபோல்டரில் எத்தனை த்ரெட் மிச்சம், ஒவ்வொன்றின் நிலை என்ன என்று பார்த்துவிட வேண்டும்.

டி என்ற எழுத்து

இந்த நான்கும் இல்லை, நிலைக்கான எழுத்து டி என்று இருக்கிறது என்றால் விஷயத்துக்கு வந்துவிட்டோம். லினக்ஸில் தூக்கம் இரண்டு வகை. விசைப்பலகையிலோ நெட்வொர்க்கிலோ எப்போது தகவல் வரும் என்று தெரியாமல் காத்திருப்பது எஸ் வகை. சிக்னல் வந்தால் கெர்னல் எழுப்பிவிடும். டிஸ்க் போன்ற, நொடிக்கும் குறைவாகப் பதில் வந்துவிடும் என்று நம்பிக் காத்திருப்பது டி வகை. எதிர்பார்த்தது வந்தாலொழிய எழுப்புவதில்லை. அந்த நம்பிக்கை பொய்க்கும்போதுதான் சாகாத பிராசஸ் உருவாகிறது. டிஸ்க் பதில் சொல்லவில்லை, சர்வர் பதில் சொல்லவில்லை, அல்லது வேறொரு பிராசஸ் தன் பூட்டைத் திறக்கவில்லை.

அப்படியானால் வலுக்கட்டாயமாகப் பிடுங்கி எறிய ஒரு வழி வைத்தால் என்ன? நியாயமான கேள்விதான். டிஸ்க் கன்ட்ரோலர், பிராசஸரிடம் கேட்காமல் நேரடியாக மெமரியில் எழுதுகிறது. எழுத்து பாதியில் இருக்கும்போது அந்த மெமரியைப் பறித்து இன்னொரு நிரலுக்குக் கொடுத்தால், கொஞ்ச நேரம் கழித்து வரும் டிஸ்க் தகவல் சம்பந்தமே இல்லாத நிரலின் கணக்குகளுக்கு மேல் விழும். பூட்டு இன்னும் பெரிய சிக்கல். கோப்பு அமைப்பின் ஒரு பகுதியைப் பூட்டிவிட்டுப் பாதி மாற்றிய நிலையில் ஒருவனைக் காணாமல் ஆக்கினால், பூட்டைத் திறக்க ஆளில்லை. அந்தப் பகுதிக்கு வரும் ஒவ்வொருவரும் அடுத்தடுத்து மாட்டிக்கொள்வார்கள். ஒரு பிராசஸைக் கொன்று சர்வரையே இழப்பது லாபமான வியாபாரம் அல்ல.

எங்கெல்லாம் பாதியில் விட்டுவிட்டுப் பத்திரமாகத் திரும்ப முடியுமோ அங்கெல்லாம் வழி திறக்கப்பட்டிருக்கிறது. 2008இல் வந்த லினக்ஸ் 2.6.25 பதிப்பில் மூன்றாவதாக ஒரு தூக்க நிலை சேர்ந்தது: மற்ற சிக்னல்களுக்கு எழாது, சாவு நிச்சயமான சிக்னலுக்கு மட்டும் எழும். அதன் பின்னால் உள்ள தர்க்கம் எளிமையானது. டிஸ்க் படிப்பு பாதியில் திரும்பிவரும் என்று பழைய நிரல்கள் எதிர்பார்ப்பதில்லை, அதனால் அவற்றைச் சிக்னலால் எழுப்புவது ஆபத்து. ஆனால் சாகப்போகிற நிரலுக்குப் பாதிப் படிப்பால் எந்தக் கேடும் இல்லை. இந்த மாற்றத்துக்குப் பிறகு நெட்வொர்க் டிஸ்க்கில் மாட்டிய பல பிராசஸ்கள் 9க்குப் பணிகின்றன. ஆனால் கெர்னலுக்குள் ஒவ்வொரு காத்திருப்பு இடத்திலும் பின்வாங்கும் பாதையைக் கையால் எழுத வேண்டும். எழுதப்படாத, எழுத முடியாத இடங்கள் இன்னும் உண்டு. இன்றைய லினக்ஸில் 9க்கும் அசையாமல் நிற்பது, பெரும்பாலும் அப்படிப்பட்ட இடத்தில்தான் நிற்கிறது.

பரிசோதனை

முதல் சோதனை, உண்மையிலேயே நின்றுவிட்டதா என்பது. டி என்ற எழுத்தைப் பார்த்த மாத்திரத்தில் நோய் என்று சொல்லக்கூடாது. டிஸ்க் வேலை செய்யும் எந்த ஆரோக்கியமான பிராசஸும் அடிக்கடி அந்த நிலைக்கு வந்துபோகும். மெதுவான பென்டிரைவுக்குப் பல ஜிபி நகலெடுத்துவிட்டு சிங்க் கொடுத்தால் அது நெடுநேரம் டி என்றே காட்டும், ஆனால் வேலை நடந்துகொண்டிருக்கும். மெம்இன்ஃபோ கோப்பில் எழுதப்படாமல் கிடக்கும் அளவு சிறிது சிறிதாகக் குறைகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். இதைவிடக் கூர்மையான சோதனை ஸ்டேட்டஸ் கோப்பின் கடைசியில் இருக்கிறது. பிராசஸரை எத்தனை முறை தானாக விட்டுக்கொடுத்தது, எத்தனை முறை பறிக்கப்பட்டது என்று இரண்டு எண்கள். பத்து நொடி இடைவெளியில் இருமுறை பாருங்கள். இரண்டும் ஒரு எண்கூட நகராவிட்டால், அந்த இடைவெளியில் அது ஒரு கணமும் ஓடவில்லை. கெர்னலின் சொந்தக் கண்காணிப்பும் இதே கணக்கைத்தான் பார்க்கிறது: 120 நொடி டி நிலையில் இருந்தும் எண் நகராவிட்டால் லாகில் எச்சரிக்கை எழுதுகிறது. பத்து எச்சரிக்கைக்குப் பிறகு அது மௌனமாகிவிடும் என்பதால், லாகின் கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பிவிட வேண்டாம்.

பரிசோதிக்கும் கருவியே மாட்டிக்கொள்வது இந்த நோயின் தனிக்குணம். டிஎஃப் கொடுத்தால் அது செத்த மவுன்டையும் எட்டிப்பார்த்து அங்கேயே நின்றுவிடும். புது ஜன்னல் திறந்து எல்எஸ் கொடுத்தால் அதுவும் நிற்கும். நோயாளி ஒருவர் மூவராகிவிடுவார். கட்டளை வரியை முழுதாகக் காட்டும் பிஎஸ் வடிவங்கள் ஒவ்வொரு பிராசஸின் மெமரியையும் எட்டிப் படிப்பதால் அவையும் சிக்கக்கூடும். எண், நிலை, காத்திருக்கும் இடம், சுருக்கப் பெயர் ஆகிய நான்கு பத்திகளை மட்டும் கேட்பது பாதுகாப்பானது. மவுன்டுகளைத் தெரிந்துகொள்ள டிஎஃப் வேண்டாம். ப்ராக் ஃபோல்டரில் உள்ள மவுன்ட்ஸ் கோப்பைப் படித்தாலே போதும், அது எந்த டிஸ்க்கையும் தொடுவதில்லை.

அடுத்து, எங்கே நிற்கிறது என்ற கேள்வி. பிராசஸின் ஃபோல்டரில் ஸ்டாக் என்ற கோப்பை ரூட் ஆகத் திறந்தால், கெர்னலுக்குள் எந்தச் செயல்பாட்டுக்குள் எது என்று வரிசையாக வரும். கெர்னல் நிரல் தெரியாதவரும் இதைப் படிக்கலாம், ஏனென்றால் பெயர்களே பேசும். என்எஃப்எஸ், ஆர்பிசி என்ற துண்டுகள் தென்பட்டால் நெட்வொர்க் டிஸ்க். பிஎல்கே, ஸ்கஸி, என்விஎம்இ என்றால் கீழே உள்ள டிஸ்க். ஃப்யூஸ் என்றால் எஸ்எஸ்ஹெச்எஃப்எஸ் போல ஒரு சாதாரண நிரல் நடத்தும் கோப்பு அமைப்பு. மியூடெக்ஸ், ஆர்டபிள்யூசெம் என்றால் பூட்டு. மேல் வரியைவிடக் கீழே உள்ள நான்கைந்து வரிகளில்தான் செய்தி இருக்கும்; மேலே இருப்பது தூங்கப்போனேன் என்ற பொதுவான வரிதான்.

பூட்டுக்காக நிற்கிறது என்று தெரிந்தால் இன்னும் ஒரு படி போக வேண்டும். ஒரு கோப்புறையின் பூட்டை வைத்துக்கொண்டு ஒருவன் டிஸ்க்குக்காக நிற்கிறான். அவன் பின்னால் அந்தப் பூட்டுக்காக நாற்பது பேர் நிற்கிறார்கள். பட்டியலில் நாற்பத்தொன்றும் டி என்றே காட்டும். சத்தம் போடுகிற நாற்பதில் ஒன்றைப் பிடித்து ஆராய்ந்தால் பூட்டு என்ற பதிலுக்கு மேல் எதுவும் கிடைக்காது. சிஸ்ரெக் ட்ரிகர் கோப்பில் டபிள்யூ என்ற ஒற்றை எழுத்தை எழுதினால், மாட்டியிருக்கும் எல்லோருடைய ஸ்டாக்கும் ஒரே நேரத்தில் லாகில் கொட்டப்படும். அதில் பூட்டைத் தவிர வேறொன்றுக்காக நிற்பவனைத் தேடுங்கள். பெரும்பாலும் அவன்தான் வரிசையின் முதல் ஆள்.

இந்த வரிசைதான் லோடு ஆவரேஜையும் ஏற்றுகிறது. 1993 முதலே லினக்ஸ், ஓடுகிறவற்றோடு டி நிலையில் நிற்பவற்றையும் அந்தக் கணக்கில் சேர்க்கிறது. லோடு 40, ஆனால் பிராசஸர் சும்மா இருக்கிறது என்றால், நாற்பது பேர் எதற்காகவோ நிற்கிறார்கள் என்று படிக்க வேண்டும்; கூடுதல் பிராசஸர் வாங்குவதால் ஒன்றும் ஆகாது. இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. எழுத்து ஆர் என்று இருந்து, ஒரு கோர் முழுவதையும் சிஸ்டம் நேரமாகத் தின்றுகொண்டு 9க்குப் பணியாமல் இருந்தால், அது தூங்கவில்லை. கெர்னலுக்குள் சுழலில் மாட்டியிருக்கிறது. அது டிரைவரின் அல்லது கெர்னலின் பிழை, அங்கே ரீபூட்டும் புதிய பதிப்புமே மருந்து.

மருந்து

காரணம் தெரிந்த பிறகு மருந்து பெரும்பாலும் வேறொரு இடத்தில் இருக்கும். என்எஃப்எஸ் என்றால் சர்வரையும் இடையிலுள்ள நெட்வொர்க்கையும் எழுப்புவதே முதல் மருந்து. வழக்கமான ஹார்ட் மவுன்டில் சர்வர் திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து எல்லாம் தொடரும். சர்வர் திரும்பாது என்று உறுதியானால் யூமவுன்ட்டைக் கட்டாய முறையில் கொடுத்து, நிலுவைக் கோரிக்கைகளைப் பிழையோடு முடிக்கச் சொல்லலாம். சோம்பல் முறை யூமவுன்ட், மவுன்டைக் கண்ணிலிருந்து மறைக்குமே தவிர, ஏற்கெனவே காத்திருப்பவரை விடுவிக்காது. ஃப்யூஸ் என்றால் சிஸ் ஃபோல்டரில் அந்த இணைப்புக்கான அபார்ட் கோப்பில் 1 என்று எழுதினால், எல்லாக் கோரிக்கையும் அந்த நொடியே அறுந்து பிராசஸ்கள் விடுபடும். பேக்கப்புக்காகக் கோப்பு அமைப்பை உறையவைத்த ஸ்கிரிப்ட், திரும்ப உருக்க மறந்து செத்துப்போயிருந்தால், எஃப்எஸ்ஃப்ரீஸில் அதை உருக்கினால் போதும். டிஸ்க் என்றால் ஸ்கஸி அடுக்கு ஒவ்வொரு கட்டளைக்கும் வழக்கமாக 30 நொடி கொடுத்து, பிறகு ரத்து, ரீசெட் என்று படிப்படியாக முயலும். அதனால் சில நிமிடங்கள் பொறுப்பது நியாயம். மல்டிபாத்தில் எல்லா வழியும் அறுந்தால் கோரிக்கைகளை வரிசையில் வைத்திரு என்று அமைத்திருந்தால், எத்தனை மணி நேரமானாலும் பிழை வராது. அந்த அமைப்பை மாற்றியாக வேண்டும்.

இவ்வளவு பாடு எதற்கு, ரீபூட் செய்தால் முடிந்தது என்பார்கள். அவசரத்தில் அது சரியான முடிவாகவும் இருக்கலாம். ஆனால் இரண்டு விஷயங்களை எண்ணிப் பார்க்க வேண்டும். முறையான ரீபூட் எல்லாப் பிராசஸையும் நிறுத்தி எல்லா மவுன்டையும் கழற்றப் பார்க்கும். சிஸ்டம்-டி ஒரு சர்வீஸுக்கு வழக்கமாக 90 நொடி பொறுத்துவிட்டு 9ஐ அனுப்பும், அந்த 9 பலிக்காது என்பதுதானே நம் பிரச்சினை. எந்தச் சுவரில் பிராசஸ் முட்டியதோ அதே சுவரில் ரீபூட்டும் முட்டும். இரண்டாவது, சாட்சியம் அழிந்துவிடும். டிஸ்க்கின் தலை தேய்வதோ, டிரைவரில் பிழையோ, நெட்வொர்க் கேபிள் ஆடுவதோ ரீபூட்டால் குணமாகாது. அடுத்த வாரம் அதே நேரத்தில் திரும்பி வரும். ஸ்டாக், டபிள்யூ பட்டியல், கெர்னல் லாக் மூன்றையும் வேறொரு கணினிக்கு நகலெடுக்க ஐந்து நிமிடம் போதும். அதற்குப் பிறகு ரீபூட் செய்தால் தவறில்லை. அது நின்றுவிட்டால் சிஸ்ரெக்கில் எஸ், யூ, பி என்ற வரிசை: டிஸ்க்குக்கு எழுது, படிக்க மட்டும் என்று மாற்று, உடனே மறுதொடக்கம் செய்.

இன்னொரு யோசனையும் வரும்: என்எஃப்எஸ்ஸை சாஃப்ட் மவுன்டாக வைத்தால் யாரும் மாட்டவே மாட்டார்களே? உண்மைதான், குறிப்பிட்ட முயற்சிகளுக்குப் பிறகு பிழை திரும்பிவிடும். ஆனால் எழுதும்போது வரும் பிழையை ஒழுங்காகக் கையாளும் நிரல்கள் குறைவு. கண்ணுக்குத் தெரியும் காத்திருப்பைக் கொடுத்துவிட்டுக் கண்ணுக்குத் தெரியாத தகவல் இழப்பை வாங்குகிறோம். படிக்க மட்டுமேயான மவுன்டுக்கு சாஃப்ட் பொருந்தும். தரவுத்தளமோ பயனர்களின் கோப்புகளோ இருக்கும் இடத்துக்குப் பொருந்தாது.

கடைசியாக, 9ஐ எப்போது கொடுப்பது என்ற கேள்வி. நிலுவை வரியில் எழுந்து நின்ற அந்த 100ஐத் திரும்பப் பெறக் கட்டளை எதுவும் இல்லை. ஸ்டோரேஜில் சிறு தடங்கல், தரவுத்தளம் டி நிலையில் நிற்கிறது என்று வையுங்கள். தடங்கல் நீங்கியதும் அது தானாக விழித்து விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்திருக்கும். காலையில் பதற்றத்தில் யாரோ கொடுத்த ஒன்பது காத்திருந்தால், மதியம் ஸ்டோரேஜ் சரியான அதே நொடியில் தரவுத்தளம் விழும். பழுது பார்த்தவர் தன் பழுதுபார்ப்பு தோற்றது என்று நினைப்பார். எனவே வரிசை இதுதான்: எழுத்தைப் பார், எண் நகர்கிறதா என்று பார், ஸ்டாக்கைப் படி, வரிசையின் முதல் ஆளைக் கண்டுபிடி, அவன் காத்திருப்பதைச் சரிசெய். இவ்வளவுக்குப் பிறகும் அந்தப் பிராசஸ் வேண்டாம் என்றால் அப்போது ஒன்பதைக் கொடுங்கள். ஒரு தடவை போதும்.